லியோ ஃபெண்டர்: கிட்டார் வாசிக்கத் தெரியாதவர் ஒரு 'குதிரை'யோடு 30 ஆண்டுகள் மல்லுக்கட்டிய கதை

1950-களில் தயாரான ஃபெண்டர் பேஸ் கிட்டார்களுக்கு இன்றைய சந்தையில் லட்சக்கணக்கில் விலை. ஆனால் அப்படி ஒன்றை வாங்கி வாசித்துப் பார்த்தால், சுருதி முழுசா சேராது. காரணம் பெரும்பாலும் அதன் பிரிட்ஜ்தான். நம்ம வீணையில் 'குதிரை' என்று சொல்வோமே, அதே வேலையைச் செய்யும் பாகம். அதை வடிவமைத்தவருக்கும் இந்தக் குறை தெரியும். அதைச் சரிசெய்யவே பல ஆண்டுகள் செலவழித்தார்.

யார் இந்த லியோ ஃபெண்டர்?

1909 ஆகஸ்ட் 10-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் வந்த கட்டியால் ஒரு கண் போய்விட்டது. படித்தது அக்கவுண்ட்ஸ், பார்த்ததும் கணக்கு வேலைதான். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அந்த வேலையும் போனது. 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார்.

அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் உள்ளூர் இசைக்கலைஞர்கள் ஆம்ப்ளிஃபயரை ரிப்பேருக்குக் கொண்டுவரும்போது சொல்லும் குறைகளைக் கவனமாகக் கேட்டார். அப்படியே ஆம்ப்ளிஃபயர், பிறகு கிட்டார் என்று தயாரிப்பில் இறங்கினார்.

பேஸ் கிட்டார் ஏன் வந்தது?

அதுவரை பேஸ் வாசிக்க ஆள் உயர டபுள் பேஸ்தான். தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும் பாடு. டிரம்ஸும் மின்சாரக் கிட்டாரும் முழங்கும் மேடையில் அதன் சத்தமும் எடுபடாது. மின்சார பேஸை லியோவுக்கு முன்பே சிலர் செய்து பார்த்திருந்தார்கள். சியாட்டிலைச் சேர்ந்த பால் டட்மார்க் 1930-களிலேயே ஒன்றைச் செய்தார். ஆனால் சந்தையில் நிலைத்தது 1951-ல் லியோ கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ். வீணையில் மெட்டு இருப்பதுபோல இதில் ஃப்ரெட் உண்டு. விரல் வைத்த இடத்தில் சுவரம் துல்லியமாக வரும் என்பதால்தான் 'பிரிசிஷன்' என்று பெயர்.

அப்போ பிரிட்ஜில் என்ன பிரச்சினை?

துல்லியம் என்று பெயர் வைத்த கருவியில் துல்லியம் இடறிய இடம் இதுதான். ஒரு கம்பியை ஃப்ரெட்டில் அழுத்தும்போது அது லேசாக இழுபடும், சுருதி கொஞ்சம் ஏறும். அதை ஈடுகட்ட, கம்பி உட்காரும் 'சேடில்' என்ற சிறு துண்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கம்பியின் நீளத்தைக் கூட்ட வேண்டும். எவ்வளவு தள்ளுவது என்பது ஒவ்வொரு கம்பியின் தடிமனுக்கும் மாறும். ஆனால் 1951 மாடலில் நாலு கம்பிக்கு இரண்டே சேடில். ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்துக் கம்பி விலகும். இரண்டுக்கும் நடுவில் சமாதானம் பண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

1957-ல் லியோ இதை மாற்றினார். கம்பிக்கு ஒன்றாக நாலு சேடில் வந்தன. அதுவரை மரத்தின் பின்பக்கமிருந்து நுழைந்து வந்த கம்பிகள், பிரிட்ஜ் தகட்டிலேயே மாட்டப்பட்டன. பழைய பிரச்சினை தீர்ந்தது, புதுசாகச் சில வந்தன. வளைத்த மெல்லிய இரும்புத் தகட்டில் சேடில்கள் பக்கவாட்டில் நகரும். உயரம் கூட்டிக் குறைக்கும் பொடி ஸ்க்ரூக்கள் வியர்வையில் துருப்பிடித்து இறுகும். பிரிட்ஜுக்கு அடியில் இருக்கும் எர்த் ஒயர் விட்டுப்போனால், ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்கும்.

பிரிட்ஜை மூடும் உலோக மூடிக்குள், அதிர்வை அடக்க ஒரு ஸ்பாஞ்சும் இருந்தது. டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த அந்த அடங்கிய, கனமான ஒலியில் இந்த ஸ்பாஞ்சுக்கும் பங்கு உண்டு.

கம்பெனியை விற்ற பிறகு?

உடல்நலக் குறைவால் 1965-ல் நிறுவனத்தை சிபிஎஸ்ஸுக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். சொந்தப் பெயரே அதோடு போய்விட்டது. பின்னர் உடல் தேறியது. சும்மா இருக்க முடியவில்லை. 1976-ல் மியூசிக் மேன் நிறுவனத்தில் ஸ்டிங்ரே பேஸ் வந்தபோது, தடித்த பிரிட்ஜ், கம்பிக்கு ஒன்றாகத் தனித்தனி அடக்கிகள், மீண்டும் மரத்தின் வழியே நுழையும் கம்பிகள் எனப் பழையதிலும் புதியதிலும் உள்ள நல்லதைச் சேர்த்தார்.

1980-ல் அவரது ஜி அண்ட் எல் நிறுவனத்தின் பேஸ்களில் சேடில்-லாக் பிரிட்ஜ் வந்தது. பக்கத்தில் இருக்கும் ஒரு சிறு ஸ்க்ரூவை இறுக்கினால், நாலு சேடிலும் ஒன்றோடொன்று நெருக்கிப் பூட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் நகரும் பழைய தொல்லைக்கு அவர் கண்ட தீர்வு, அவ்ளோதான். பார்க்கின்சன் நோய் வந்த பிறகும் பட்டறைக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21-ல் காலமானார். அடுத்த ஆண்டு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைக் கௌரவித்தது.

பழைய பேஸ் வாங்குபவர்கள் என்ன செய்யலாம்?

திறந்த கம்பியின் சுவரமும் 12-வது ஃப்ரெட்டின் சுவரமும் சரியாக ஒரு ஸ்தாயி இடைவெளியில் இருக்கிறதா என்று டியூனரில் பாருங்கள். ஸ்க்ரூக்கள் திரும்புகிறதா, கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா என்றும் சோதியுங்கள். பிரிட்ஜை மாற்றியே ஆக வேண்டுமென்றால், அதே துளைகளில் பொருந்தும் புதியதைப் போடுங்கள். மரத்தில் புதுத் துளை போட்டால் விலை விழும். கழற்றிய பழைய பிரிட்ஜைப் பத்திரமாக வையுங்கள். விற்கும்போது அதற்கும் மதிப்பு உண்டு.

மாற்றினால் லியோவுக்குச் செய்யும் துரோகமோ என்று தயங்க வேண்டாம். அந்தப் பாகத்தை அதிக முறை மாற்றியவர் அவர்தான்.