இராபர்ட் லாபாலெட் சரிதம்

ஒரு நாட்டின் தலைவரைத் தெரிந்தெடுக்கும் உரிமை குடிகளுக்கு இருப்பினும், அத்தேர்தலில் நிற்போர் இன்னாரென்பதை மறைவிலிருந்து சிலர் முடிவு செய்வராயின் அவ்வுரிமை பெயரளவிற்றே. இவ்வுண்மையை அமெரிக்க ஐக்கிய நாட்டில் உணர்த்திய பெரியாரொருவர் சரிதத்தை நம் அன்பர்கட்கு ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

லாபாலெட் 1855-ம் ஆண்டு விஸ்கான்ஸின் மாகாணத்துப் பிரிம்ரோஸ் என்னும் ஊரில் ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தார். தந்தையாரைக் குழவிப் பருவத்திலேயே இழந்தும், சர்வகலாசாலையிற் பயின்று வக்கீலானார். 1885 முதல் 1891 வரை குடியரசுக் கட்சியின் சார்பில் காங்கிரஸ் சபையில் அமர்ந்தார்.

அக்காலத்தே கட்சியின் அபேட்சகரைக் குடிகள் நேரே தெரிந்தெடுப்பதில்லை. உள்ளூர்க் கூட்டங்களிலிருந்து அனுப்பப்பெற்ற பிரதிநிதிகளே மகாநாட்டிற் கூடி அவரைக் குறிப்பர். அப்பிரதிநிதிகளுட் பலர் இரயில்வே கம்பெனியாரும் மர வியாபாரச் செல்வரும் ஆட்டுவித்தபடி ஆடினர். கவர்னர் பதவிக்கு 1896-லும் 1898-லும் கட்சியின் ஆதரவை நாடிய லாபாலெட் இருமுறையும் மகாநாட்டில் தோற்றார். பிரதிநிதிகள் பொருளுக்கு வசப்பட்டனர் என்பது அவர் துணிபு. எனினும் மனந்தளராது, குடியானவர் திரளும் கண்காட்சிகள்தோறும் சென்று, அபேட்சகரைக் கட்சி மக்களே வாக்களித்துக் குறித்தல் வேண்டுமென வற்புறுத்தினார்.

1900-ம் ஆண்டுத் தேர்தலில் வென்று கவர்னரானார். சட்டசபையின் எதிர்ப்பைக் கடந்து, 1904 நவம்பரில் அம்முறையைக் குடிகளின் வாக்காலேயே சட்டமாக்கினார். அவ்வாண்டே சிக்காகோ மகாநாடு அவர் பக்கத்துப் பிரதிநிதிகளைத் தள்ளி மாற்றாரை ஏற்றது. ஆகவே, ஜனாதிபதி அபேட்சகரைக் குறிக்கும் பிரதிநிதிகளையும் குடிகளே தெரிந்தெடுக்குமாறு 1905-ல் மற்றுமோர் சட்டம் பிறந்தது. 1906 முதல் அவர் செனட் சபையில் விளங்கினார்.

1912-ல் ஜனாதிபதி பதவிக்குத் தாமே முன்வந்தார். வட டக்கோட்டாவிலும் தம் மாகாணத்திலும் வென்றாராயினும், ரூஸ்வெல்ட் களம்புகவே ஆதரவாளர் பலர் அவர்பாற் சென்றனர். குடிகள் வாக்களித்த மாகாணங்களிற் பெரும்பாலானவற்றில் ரூஸ்வெல்ட்டே வென்றார். ஆயினும் அத்தகைய மாகாணங்கள் அக்காலத்துச் சிலவேயாதலின், மகாநாடு டாப்ட் என்பாரையே குறித்தது! 1924-ல் லாபாலெட் தனித்து நின்று ஏறத்தாழ 48 லட்சம் வாக்குகள் பெற்றார். எனினும் வென்றது தம் மாகாணம் ஒன்றே. 1925 ஜூன் 18-ந் தேதி இறைவனடி சேர்ந்தார்.

அவர் விதைத்த விதை உடனே பயன் தந்திலது. 1968-ல்கூட, இத்தகைய மாகாணத் தேர்தல் ஒன்றிலும் போட்டியிடாத ஹம்ப்ரி ஜனநாயகக் கட்சியின் அபேட்சகரானார். அதனால் எழுந்த கலக்கத்தின் பின்னரே விதிகள் திருத்தப்பெற்று, 1972 முதல் குடிகளின் வாக்கு முதன்மை எய்திற்று.

தாம் வகுத்த நெறியால் லாபாலெட் ஜனாதிபதியாயினாரல்லர். நெறியின் நேர்மையை அது நமக்கு வெற்றி தந்ததா என்பது கொண்டு அளத்தல் தகாது; தோற்றவனும் குறைகூறவொண்ணாத முறையே நேரிய முறையாம். நாடாயினும் சிறு சங்கமாயினும் தலைவரைத் தெரியுங்கால் இதனை நாம் மறவாதிருப்போமாக.