மெல்லிய ஓசையைத் தேடிய மார்க்கோனி



கூட்டம் நிறைந்த ரயில் நிலையத்தில் உங்கள் நண்பன் மெதுவாகக் கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்குமா? கேட்காது. ஆனால், காலை 10 மணிக்கு மூன்றாவது தூண் அருகே நின்று கூப்பிடுவதாக முன்பே சொல்லி வைத்திருந்தால்? அங்கே போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பீர்கள். மெல்லிய குரலும் கேட்டுவிடும். இப்படி முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, கடலுக்கு அப்பாலிருந்து வந்த ஓசையைத் தேடியவர்தான் மார்க்கோனி.

குலீல்மோ மார்க்கோனி 1874 ஏப்ரல் 25-ஆம் தேதி இத்தாலியின் பொலோக்னா நகரில் பிறந்தார். தந்தை இத்தாலியர், தாய் அயர்லாந்துப் பெண்மணி. கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளைப் பற்றி ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கண்டறிந்ததைப் படித்தார் மார்க்கோனி. அந்த அலைகளைக் கொண்டு, கம்பி இல்லாமலே தந்தி அனுப்பினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. வீட்டு மாடியிலேயே சோதனையைத் தொடங்கினார்.

1895-இல் குன்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கருவியை வைத்தார். அங்கே ஓசை வந்து சேர்ந்தால், துப்பாக்கியால் ஒரு வேட்டு போட வேண்டும் என்பது ஏற்பாடு. வேட்டுச் சத்தம் கேட்டது! குன்று மறைத்தும் அலைகள் போய்ச் சேர்ந்துவிட்டன.

மறு ஆண்டு தாயுடன் இங்கிலாந்து சென்றார். 1897-இல் அங்கே ஒரு கம்பெனி தொடங்கினார். அப்போது ஒரு சிக்கல் வந்தது. பல நிலையங்கள் ஒரே நேரத்தில் தந்தி அனுப்பினால் எல்லாம் கலந்து குழம்பிவிடும். இதற்கு வழி என்ன? ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அது வந்து போகும் கணக்குக்கு ஏற்பத் தள்ளினால்தானே உயரமாக ஆடும்? அதுபோல, அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒரே அலைவரிசையில் இருந்தால் அந்த ஓசை மட்டும் நன்றாகக் கேட்கும். இந்த முறைக்கு 1900-இல் 7777 என்ற எண்ணுள்ள காப்புரிமையைப் பெற்றார்.

அடுத்த ஆசை, அட்லாண்டிக் கடலைத் தாண்டுவது. இங்கிலாந்தின் போல்டு என்ற இடத்தில் பெரிய நிலையம் கட்டினார். 1901 செப்டம்பரில் புயலில் அதன் கம்பங்கள் சாய்ந்தன. அமெரிக்காவில் கட்டிய கம்பங்களும் நவம்பரில் விழுந்தன. மார்க்கோனி சோர்ந்துவிடவில்லை. போல்டுவில் சிறிய கம்பங்களை நட்டார். தாம் நியூபவுண்ட்லாந்து தீவுக்குக் கப்பல் ஏறினார். குறிப்பிட்ட நேரத்தில், மோர்ஸ் எழுத்தான எஸ், அதாவது மூன்று புள்ளிகள் மட்டும், திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்.

அங்கே உயரமான கம்பம் இல்லை. பலூனைக் காற்று அடித்துக்கொண்டு போனது. பட்டத்தில் கம்பியைக் கட்டிப் பறக்க விட்டார். பட்டம் ஏறி இறங்கியதால் அலைவரிசை ஒரு நிலையில் நிற்கவில்லை. ஆகவே, எந்த அலைவரிசைக்கும் பொருத்தாத எளிய கருவியைக் காதில் வைத்துக் கேட்டார். டிசம்பர் 12 பகலில், சுமார் 3,400 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மூன்று மெல்லிய தட்டல்கள் கேட்டதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 27.

பலர் நம்பவில்லை. அது இடி மின்னல் ஓசையாக இருக்கலாம் என்றார்கள். அன்று அவர் கேட்டது எது என்பது பற்றி இன்றும் அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். மார்க்கோனி வீண் சண்டை போடவில்லை. 1902 பிப்ரவரியில் பிலடெல்பியா என்ற கப்பலில் ஏறி, போல்டுவிலிருந்து வந்த புள்ளிகளைக் காகித நாடாவில் பதிய வைத்தார். இரவில் 3,300 கிலோமீட்டருக்கு மேல் வந்த ஓசை, பகலில் 1,100 கிலோமீட்டர் அளவுக்குத்தான் வந்தது. வானொலி அலைகள் இரவில் வெகுதூரம் போகும் என்ற புதிய உண்மையும் கிடைத்தது!

1909-இல் பிரவுன் என்பவருடன் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1912-இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது உதவி கேட்டு அனுப்பியதும் மார்க்கோனி கருவிதான். கார்பேதியா கப்பலில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். 700-க்கும் மேற்பட்டோர் பிழைத்தனர். அதைவிட அருகில் இருந்த கலிபோர்னியன் கப்பலிலோ, கருவியை நிறுத்திவிட்டு ஊழியர் தூங்கப் போய்விட்டார். அதன் பிறகுதான், இரவும் பகலும் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்ற விதி வந்தது.

மார்க்கோனி தம் 60-ஆம் வயதிலும் ஓயவில்லை. 1934-இல், எலெட்ரா என்ற தம் கப்பலில் மாலுமியின் கண்ணாடி ஜன்னல்களைத் திரையிட்டு மூடினார். கரையிலிருந்து வந்த வானொலி ஓசையை மட்டும் நம்பி, இரண்டு மிதவைகளுக்கு நடுவே கப்பலைச் செலுத்திக் காட்டினார்.

1937 ஜூலை 20-ஆம் தேதி ரோம் நகரில் காலமானார். மறுநாள் பல நாட்டு வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனம் காத்தன.

ஹாம் ரேடியோ என்ற அமெச்சூர் வானொலி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்கள் உலகின் 18 இடங்களுக்கு ஒரு திட்டம் வகுத்துள்ளனர். ஒவ்வோர் இடத்துக்கும் 10 வினாடி. இலங்கையும் அந்தப் பட்டியலில் உண்டு. முதலில் 100 வாட், பிறகு 10, பிறகு 1, கடைசியில் 0.1 வாட் சக்தியில் ஓசை அனுப்ப வேண்டும். எந்த அலைவரிசை, எந்த வினாடி என்பது முன்பே முடிவானது. அதனால், டார்ச் விளக்கைவிடக் குறைந்த அந்தச் சக்தியையும் தொலைதூரத்தில் உள்ளவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள்.

செல்வங்களே, நண்பர்களோடு ஒரு வேலையைத் தொடங்கும்போது எப்போது, எங்கே, எப்படி என்று முதலிலேயே பேசி வையுங்கள். சொன்ன நேரத்தில் தவறாமல் அங்கே இருங்கள். யாரோ ஒருவர் உங்களை நம்பி அழைத்துக்கொண்டிருக்கலாம்!