திருமலை நாயக்கர்

திருமலை நாயக்கர் (இறப்பு: 1659) என்பவர் கி.பி. 1623 ஆம் ஆண்டு முதல் 1659 ஆம் ஆண்டு வரை மதுரை நாட்டை ஆண்ட நாயக்க மன்னர் ஆவார். மதுரையில் இவர் கட்டிய அரண்மனை, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், புதுமண்டபம் ஆகியவற்றால் பரவலாக அறியப்படுகிறார். கற்கட்டடங்களைப் போலவே நிலைத்துவிட்ட மற்றொரு பணியும் இவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது. அழகர்மலைக் காட்டிலிருந்து வைகை ஆற்றுக்கு ஆண்டுதோறும் மக்கள் நடந்து வரும் வழி, இவர் காலத்தில் செய்யப்பட்ட திருவிழா மாற்றத்தினால் இன்றைய தடத்தைப் பெற்றது என்பது மதுரை வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தியாகும்.

இளமையும் ஆட்சிப் பொறுப்பும்

இவர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கரின் மகன் ஆவார். தமையனார் முத்துவீரப்ப நாயக்கர் 1609 முதல் 1623 வரை ஆண்டார். அவருக்குப் பின் இவர் அரியணை ஏறினார். தைப்பூசம் இவருடைய பிறந்த நாளாகக் கொள்ளப்படுகிறது. அந்நாளில்தான் இன்றும் தெப்பக்குளத்தில் தெப்பத் திருவிழா நடைபெறுகிறது.

முத்துவீரப்பர் காலத்தில் தலைநகர் திருச்சிராப்பள்ளியில் இருந்தது. திருமலை நாயக்கர் அதனை மீண்டும் மதுரைக்கு மாற்றினார். இம்மாற்றத்துக்குக் காரணமாக ஒரு கதை வழங்குகிறது. மண்டைச்சளி நோயினால் நெடுநாள் வருந்திய மன்னர், மதுரைக்கு வரும் வழியில் திண்டுக்கல்லில் தங்கியபோது மீனாட்சியும் சொக்கநாதரும் கனவில் தோன்றி மதுரையிலேயே தங்குமாறு கூறியதாகவும், அவ்வாறே உறுதி செய்தவுடன் நோய் நீங்கியதாகவும் அக்கதை கூறுகிறது. நோய் எவ்வாறாயினும், மன்னர் மதுரையில் நிலைகொண்டபின் நகரின் விழாக்களும் வீதிகளும் பெரும் மாற்றத்துக்கு உள்ளாயின.

மதுரையில் செய்த கட்டடப் பணிகள்

அரண்மனை 1636 ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. தெப்பக்குளம் 1645 ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்டது. அரண்மனைக்குரிய செங்கற்களுக்கு மண் எடுத்த பள்ளமே பின்னர் குளமாக்கப்பட்டது என்பர். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கு வாயிலுக்கு எதிரே வசந்த விழாவுக்காகப் புதுமண்டபத்தை எழுப்பினார். இதன் தூண்களில் நாயக்க மன்னர்களின் உருவங்களோடு இவர் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அதனை அடுத்துத் தொடங்கப்பட்ட இராயகோபுரம் முற்றுப்பெறவில்லை. அழகர்கோவிலிலும் முற்றுப்பெறாத இராயகோபுரம் ஒன்று உள்ளது. அங்குள்ள கோட்டைப் பகுதியில் சிதைந்து கிடக்கும் மாளிகையும் இவருடையது என்றே சொல்லப்படுகிறது. இவர் ஒரே காலத்தில் பல இடங்களில் வேலையைத் தொடங்கிய மன்னர் என்பதற்கு இந்த அரைகுறைக் கோபுரங்களே சான்று எனலாம்.

மாசியும் சித்திரையும்

திருமலை நாயக்கர் காலத்துக்கு முன்னர் மீனாட்சி திருக்கல்யாணமும் தேரோட்டமும் மாசி மாதத்தில் நடைபெற்று வந்தன. மாசி அறுவடைக் காலமாதலால் பெரிய தேர்களை இழுப்பதற்கு ஊர்களிலிருந்து ஆட்கள் வருவது கடினமாக இருந்தது. ஆகவே மன்னர் விழாவைச் சித்திரைக்கு மாற்றினார் எனப்படுகிறது. இதனை வெறும் செவிவழிச் செய்தி என்று தள்ளிவிட முடியாது. இன்றும் சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதிகளில் அன்று. அவற்றுக்கு வெளியே உள்ள மாசி வீதிகளில்தான். மாதம் மாறியபோதும் வீதியின் பெயர் மாறவில்லை.

சித்திரை முழுநிலவு நாளில் அதற்கு முன்பே வேறொரு விழா நடந்து வந்தது. அழகர்கோவில் கள்ளழகர் மலையிலிருந்து இறங்கி, அலங்காநல்லூர் வழியாகச் சென்று, மதுரைக்கு மேற்கே சோழவந்தான் பக்கத்தில் வைகைக் கரையில் உள்ள தேனூரில் ஆற்றில் இறங்குவார். சாபத்தினால் தவளையான மண்டூக முனிவருக்கு அங்கு விமோசனம் அளிப்பார். இவ்விழாவைத் தேனூரிலிருந்து மதுரைக்குக் கொண்டுவந்து, சைவர்களின் திருக்கல்யாணத்தோடு வைணவர்களின் ஆற்றுத் திருவிழாவையும் ஒரே காலத்தில் நடக்கச் செய்தவர் திருமலை நாயக்கர் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும்.

இதனால் தலைநகர் பெற்றது பெரிது. தேனூர் இழந்ததும் சிறிதன்று. வண்டியூர்ப் பகுதியில் வைகை ஆற்றில் அழகர் மண்டூக முனிவருக்கு விமோசனம் அளிக்கும் மண்டபம் இன்றும் தேனூர் மண்டபம் என்றே அழைக்கப்படுகிறது. விழா இடம் பெயர்ந்தபோது ஊரின் பெயரும் உடன் வந்துவிட்டது.

இரு விழாக்களும் ஒரே வாரத்தில் வந்தனவேயன்றி ஒரே இடத்தில் கலக்கவில்லை. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்பே திருக்கல்யாணம் முடிந்துவிடுகிறது. அவர் தென்கரையில் உள்ள பழைய நகருக்குள் செல்வதும் இல்லை. தங்கை மீனாட்சியின் திருமணத்துக்கு வந்த அண்ணன், தாம் வருமுன் தாலி கட்டப்பட்டதை அறிந்து சினந்து ஆற்றோடு திரும்பிவிட்டார் என மக்கள் இதற்குக் காரணம் கூறுகின்றனர். கோயில் மரபில் அழகர் வருவது மண்டூக முனிவருக்காகவே. இரு விழாக்களும் அருகருகே அமைந்த பின்னரே அண்ணன் தங்கை கதை உருவாகியிருக்க வேண்டும்.

அழகர் வழி

மலைக்கும் மதுரைக்கும் இடையே மக்கள் நடந்தது நாயக்கர் காலத்தில் தொடங்கியதன்று. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளைக் கூறுகிறான். அவற்றுள் இடப்பக்க வழி திருமால்குன்றம் வழியாகச் செல்கிறது. அது அழகர்மலையே எனக் கொள்ளப்படுகிறது. திருமாலிருஞ்சோலை, சோலைமலை என்னும் பெயர்கள் இம்மலையின் மரச்செறிவைக் குறிக்கின்றன.

இன்றைய வழி மதுரைக்கு வடக்கே ஏறக்குறைய 21 கி.மீ. தொலைவில் மலையடிவாரத்தில் தொடங்குகிறது. கோயிலுக்கு மேலே காட்டுப் பாதையில் ஏறினால் பழமுதிர்சோலை முருகன் கோயிலும், அதற்கு மேல் இராக்காயி அம்மன் கோயிலும் சிலம்பாறு என்னும் நூபுரகங்கையும் உள்ளன. இச்சுனை நீராலேயே அழகருக்குத் திருமஞ்சனம் செய்யப்படுகிறது. அடிவாரத்தில் கள்ளர் வேடம் பூண்ட அழகர், பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் விடைபெற்றுப் பல்லக்கில் புறப்படுவார். பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல் ஆகிய ஊர்களைக் கடந்து மூன்றுமாவடியை அடைகிறார். அங்கு மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்பது எதிர்சேவை எனப்படும். பின்னர் புதூர் வழியாகத் தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்கி, திருவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடி, தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். செல்லும் வழியில் அழகர் எழுந்தருளும் மண்டகப்படிகள் நானூறுக்கும் மேற்பட்டவை.

மன்னர் காலத்து நிலத்தோற்றம் இன்று அப்படியே இல்லை. 1895 இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்ட பின்னர் கள்ளந்திரியில் பெரியாற்றுக் கால்வாய் வழியைக் குறுக்கிட்டது. கால்வாய் நீர் பாயும் காலத்தில் இப்பகுதி நெல்வயல்களாகப் பசுமை கொள்கிறது. கடச்சனேந்தலுக்குத் தெற்கே நகரம் வளர்ந்து சாலையை மூடிவிட்டது. 1959 இல் வைகை அணை கட்டி முடிக்கப்பட்டபின், சித்திரையில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் ஆற்றில் அழகர் இறங்குவதற்காக அணையிலிருந்து நீர் திறந்துவிடப்படுகிறது. திருவிழா அல்லாத நாள்களில் நடந்தோ மிதிவண்டியிலோ செல்வோர், கள்ளந்திரிக்கு வடக்கே மலை முழுமையாகக் கண்ணுக்குத் தெரியும் பகுதியில் விடியற்காலையில் செல்வது நலம். நண்பகலில் நிழல் குறைவு.

2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் கொரோனா தொற்றின் காரணமாக அழகர் மதுரைக்கு வரவில்லை. விழா கோயில் வளாகத்துக்குள் நடத்தப்பட்டது. 2022 இல் வழி மீண்டும் நிறைந்தது.

திருவில்லிபுத்தூர் வழியும் இம்மன்னரோடு தொடர்புபடுத்தப்படுகிறது. ஆண்டாள் கோயிலில் உச்சிக்கால பூசை முடிந்ததை அறிந்த பின்னரே இவர் உணவு உண்பார் என்றும், அதற்காக மதுரை வரை இடையிடையே மண்டபங்கள் அமைத்து மணியோசையைக் கடத்தினார் என்றும் கூறுவர்.

போர்கள்

இவருடைய ஆட்சி அமைதியானதன்று. திருவிதாங்கூருடனும் இராமநாதபுரம் சேதுபதியுடனும் போரிட்டார். விசயநகர அரசர் மூன்றாம் சீரங்கனுக்கு எதிராக நின்றதன் விளைவாகப் பீசப்பூர், கோல்கொண்டா படைகள் தெற்கே நுழைய வழி ஏற்பட்டது. இவரது முடிவுகளுள் மிகுந்த கேடு விளைவித்தது இதுவே எனலாம். ஆட்சியின் இறுதியில் மைசூர்ப் படைகள் நாட்டினுள் புகுந்து பிடிபட்டவர்களின் மூக்கை அறுத்தன. இரகுநாத சேதுபதியின் உதவியால் அப்படை விரட்டப்பட்டது. மன்னரின் தம்பி குமாரமுத்து மைசூர் எல்லைக்குள் சென்று அதே செயலைத் திருப்பிச் செய்தார். இது மூக்கறுப்புப் போர் எனப்படுகிறது. சேதுபதிக்குத் திருமலை சேதுபதி என்னும் பட்டம் வழங்கப்பட்டது. தல்லாகுளத்தில் அழகர் பூப்பல்லக்கு ஏறும் மண்டபம் சேதுபதி மண்டபம் என்னும் பெயருடையது.

இறப்பும் பின்னரும்

திருமலை நாயக்கர் 1659 இல் இறந்தார். மகன் இரண்டாம் முத்துவீரப்பர் சில மாதங்களே ஆண்டார். அடுத்து வந்த பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரை மீண்டும் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு சென்றார். அரண்மனையின் பல பகுதிகளைப் பெயர்த்தெடுத்துச் சென்றவரும் அவரே என்பர். எஞ்சியிருந்த பகுதி 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபுவின் முயற்சியால் பழுதுபார்க்கப்பட்டது. தற்போது அது தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. தலைநகர் மதுரையை விட்டு நீங்கிய பின்னரும் சித்திரைத் திருவிழா மாசிக்குத் திரும்பவில்லை. அழகரும் தேனூர் வழிக்குத் திரும்பவில்லை.