யார் இந்த ராபர்ட் புரூஸ் ஃபூட்? பல்லாவரம் கல்லைத் தாண்டி ஓர் எலும்புக் கதை

ஊத்துக்குளி பக்கம் காட்டு வேலியோரம் விரல்கணு நீளத்துக்கு ஒரு தாடை எலும்பு கிடக்குதுன்னு வைங்க. எலியா, மூஞ்சூறா? பல்லைப் பார்த்தாலே சொல்லிடலாம். எலிக்கு முன்னால் உளி மாதிரி வளைந்த பல், அப்புறம் வெற்று இடைவெளி, அதன் பிறகுதான் கடைவாய்ப் பற்கள். மூஞ்சூறுக்கு அந்த இடைவெளி இல்லை. கூரான பற்கள் வரிசையாக இருக்கும். பார்க்க எலி மாதிரி இருந்தாலும் அது எலி இனமே கிடையாது.

இப்படிப்பட்ட எலும்புகளை மூட்டை மூட்டையாகச் சேர்க்க வைத்தவர்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1834-ல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தவர். 1858-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து மதராஸ் வந்தார். தமிழறிஞர் பீட்டர் பெர்சிவலின் மருமகன் என்பது பலருக்குத் தெரியாத தகவல்.

1863 மே 30-ம் தேதி பல்லாவரத்தில் அவர் எடுத்த கற்கோடரி பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. அதைவிட நமக்குச் சுவாரஸ்யம், அன்று மதராஸ் மாகாணத்தில் இருந்த கர்னூல் பகுதியின் பில்லா சுர்கம் குகைகள்.

ஆதிமனிதரின் தடயம் தேடித்தான் அங்கே போனாங்க. விஞ்ஞானி ஹக்ஸ்லி ஆளுநர் கிராண்ட் டஃப்பிடம் வலியுறுத்தியதால் தொடங்கிய வேலை. ஃபூட் ஆரம்பித்ததை, பீரங்கிப் படை அதிகாரியான மகன் ஹென்றி 1884-85-ல் தொடர்ந்தார். கிடைத்தவை பெரும்பாலும் விலங்கு எலும்புகள். ஒரு குகைக்கு எலும்புக் கிடங்கு என்றே பெயர் வைக்கும் அளவுக்கு!

வௌவால், எலி, முள்ளம்பன்றி என்று சின்ன உயிர்களின் எலும்புகளையும் வீசிவிடாமல், எந்த ஆழத்தில் கிடைத்தது என்ற குறிப்போடு எடுத்துவைத்தார்கள். என்ன எலும்பு என்று ஃபூட் தானே முடிவு செய்யவில்லை. தொல்லுயிரியலாளர் ரிச்சர்ட் லைடெக்கரிடம் விட்டார். 1886-ல் வெளியான அவரது பட்டியலில் காண்டாமிருகமும் இருந்தது. இன்று தென்னிந்தியக் காடுகளில் அது இல்லை.

குகைக்குள் அவ்வளவு எலி எலும்பு எப்படி வரும்? பொதுவாக ஆந்தை வேலை அது. முழுசா விழுங்கி, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும்.

ஒரு சிக்கலும் உண்டு. சில எலும்புகளை மனிதர் செதுக்கிய கருவிகள் என்று ஃபூட் கருதினார். பிற்காலத்தில் எல்லாரும் அதை ஒத்துக்கல. முள்ளம்பன்றி கடித்தாலும் எலும்பில் செதுக்கினது போலவே தடம் விழும். 1970-களில் எம்.எல்.கே. மூர்த்தி கர்னூல் குகைகளில் மறுபடி தோண்ட வேண்டியிருந்தது.

ஓய்வுக்குப் பின் ஃபூட் ஏற்காட்டில் வசித்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். நினைவிடம் ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. அவர் சேர்த்த கற்கருவிகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.