திருநாவுக்கரசு நாயனாரும் உழவாரத் திருத்தொண்டும்

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே, வேளாளர் குலத்துக் குறுக்கையர் குடியிலே, புகழனாருக்கும் மாதினியாருக்கும் புதல்வராய் அவதரித்தருளியவர் மருணீக்கியார். அவர் சமணம் புகுந்து தருமசேனர் எனப் பெயர் பெற்றமையும், நீற்றறை முதலிய இடர்களைக் கடந்தமையும் அன்பர் யாவரும் அறிந்தன. ஆதலின் அவற்றை ஈண்டு விரியாது, அவர்தம் கைத்தொண்டினையே சிந்திப்பாம்.

தமக்கையார் திலகவதியார் திருவதிகையிலே தங்கி, நாடோறும் புலருமுன் எழுந்து திருவீரட்டானத்துத் திருமுற்றத்தைத் திருவலகாற் கூட்டிக் கோமயத்தால் மெழுகி வந்தார். சூலைநோயால் வருந்திய தம்பியார் இரவிலே வந்து அடிவீழ்ந்தபோது, அம்மையார் திருநீறு அளித்து, திருவலகும் கோமயமும் தோண்டியும் கைக்கொண்டு, அவரையும் உடனழைத்துக் கோயில் புகுந்தார். முதற்பதிகம் எழுந்ததும் நோய் தீர்ந்ததும் அவ்வைகறையிலேயாம். நாவுக்கரசர் என்னும் நாமம் பெற்றபின் அவர் கையில் ஏறியது உழவாரம்.

உழவாரமாவது புல்லைச் செதுக்குதற்குரிய, மரக்காம்பிட்ட இரும்புக் கருவி. அக்காலத்துக் கோயில்களிற் பல செங்கல்லும் மரமும் சுதையுமே கொண்டவை. சுவரிடுக்கில் வீழ்ந்த ஓர் ஆலம்வித்து வேரூன்றின் கட்டடம் பிளந்துபோம். புதர் மண்டிய திருச்சுற்றிலே பாம்பும் தேளும் குடிபுகும். குழியில் தேங்கிய நீரிலே கொசுகு பெருகும். தளிதோறும் சென்ற நாயனார் பாடிய வாயோடு அமையாது, வழிபடுவோர் அடிவைக்கும் நிலத்தையும் திருத்தினார்.

திருவீழிமிழலையிலே பஞ்சம் நேர்ந்த காலத்து, இறைவர் சம்பந்தப்பிள்ளையாருக்கும் அரசுக்கும் நாடோறும் பொற்காசு அருளினார். பிள்ளையார் பெற்ற காசு வாசியுடையது. அரசர் பெற்றதோ வாசியில்லாதது. மகன்மைக்கும் கைத்தொண்டுக்கும் உள்ள வேற்றுமையே அதற்குக் காரணமெனச் சேக்கிழார் சுவாமிகள் விளக்கியருளினார்.

நம்மவரிற் சிலர் சரியையை முதற்படியென்று கற்று, ஞானநூல் ஓதினார்க்கு அது வேண்டாவென்று கருதுகின்றனர். மடங்களிலே சிவஞானசித்தியாருக்கு நுண்பொருள் உரைப்போர் பலர் உளர். தாம் இருந்து உரைக்கும் மண்டபத்தின் மூலையிலே நாட்பட்ட நிர்மாலியம் அழுகிக் கிடப்பினும், அது கூலியாளர் தொழிலென்று வாளா இருப்பர். படியென்பது ஏறியபின் இடித்துத் தள்ளுவதோ? நாயனார் அருளிய தாண்டகங்களினும் மேற்பட்ட ஞானம் இவர்பால் யாதுளது? சிற்பியர் அவர் திருவுருவிற்கு ஏட்டைக் கொடாது உழவாரத்தையே சார்த்தினமையையும் இவர் நோக்கினாரல்லர்.

முதுமையிலே நாயனார் திருப்புகலூரை அடைந்தார். அங்கும் திருமுற்றத்துப் புல்லைச் செதுக்குதலை ஒழிந்தாரல்லர். உழவாரம் சென்ற இடமெங்கும் பொன்னும் நவமணியும் பரற்கற்களோடு கலந்து பொலிந்தன. அவர் இரண்டினையும் வேறு காணாது, குப்பையை வாருவதுபோல் உழவாரத்தில் ஏந்தி, அருகிருந்த தாமரை வாவியில் எறிந்தார். அரம்பையர் வந்து ஆடியும் பாடியும் மயக்க முயன்று, அவர் சித்தம் திரியாமை கண்டு வணங்கிப் போயினர். அதன்பின் சித்திரைச் சதயத்திலே, எண்பத்தோராம் ஆண்டில், அவர் சிவபெருமான் திருவடி நிழலை அடைந்தனரென்ப.