மணிக்கூண்டு எழுப்பிய எசேக்கியல் ரஹாபி

கொச்சி மட்டாஞ்சேரியில் யூத ஆலயத்து மணிக்கூண்டை 1760இல் எழுப்பியவர் எசேக்கியல் ரஹாபி. அலெப்போவிலிருந்து வந்த குடும்பத்தில் 1694இல் பிறந்தவர். டச்சுக் கம்பெனியின் தலைமை வணிகராய் மிளகு வாணிகம் நடத்தியவர். யூதர்க்கு நாள் மாலையில் பிறக்கும். வெள்ளியன்று கதிரவன் மறையுமுன் ஓய்வுநாள் உணவைச் சமைத்து முடித்தல் வேண்டும். ஆதலின் வேளையறிதல் அவர்க்குச் சமயக் கடன். கூண்டின் முகங்களில் எபிரேயம், ரோமானியம், மலையாளம் என எண்கள் வேறு. காட்டும் வேளை ஒன்றே. நம் உடலிலோ அவ்வாறன்று. மூளையின் கடிகாரம் ஒளியையும், கல்லீரலின் கடிகாரம் உணவு வேளையையும் பின்பற்றும். நள்ளிரவில் உண்பார்க்கு இரண்டும் பிணங்கும், உறக்கமும் கெடும். உபோசத நாளில் நண்பகலுக்குப்பின் உண்ணாத நம் அன்பர்க்கு இது விளங்காததன்று. ரஹாபி 1762இல் ஆலயத் தரைக்குச் சீன ஓடுகளை வருவித்துப் பதித்தார், 1771இல் மறைந்தார்.