கேலிச்சித்திர மேதை சங்கர்

வகுப்பில் ஆசிரியர் ஒருவர் கண்ணயர்ந்தார். அதை அப்படியே வரைந்துவிட்டான் ஒரு சிறுவன். தலைமையாசிரியர் சினந்தார், உறவினர் ஒருவரோ அவன் திறமையைக் கண்டு ஊக்கமளித்தார். அச்சிறுவனே இந்தியக் கேலிச்சித்திரக் கலையின் தந்தை எனப் புகழ்பெற்ற சங்கர்.

1902-ல் கேரளத்துக் காயங்குளத்தில் பிறந்த சங்கர் பிள்ளை, நம்மில் பலரைப் போல் விஞ்ஞானம் பயின்றவர். பின்பு பம்பாயில் சட்டம் படிக்கப் புகுந்தார், அதை முடிக்கவில்லை. 1932-ல் டில்லி 'இந்துஸ்தான் டைம்ஸ்' பத்திரிகையில் சித்திரக்காரரானார். வைசிராய்களும் அவர் தூரிகைக்குத் தப்பவில்லை.

1948-ல் 'சங்கர்ஸ் வீக்லி' இதழைத் தொடங்கினார். பிரதமர் நேரு, தம்மையும் விட்டுவைக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். சங்கரும் விடவில்லை! கேலியும் குறையவில்லை, நட்பும் குறையவில்லை. 1975-ல் நெருக்கடி நிலை வந்தது. அவ்வாண்டே இதழ் நின்றது. அச்சம் குடியேறிய வீட்டில் சிரிப்புக்கு இடமேது?

குழந்தைகளுக்காக 1949-ல் ஓவியப் போட்டியும், 1957-ல் புத்தக நிறுவனமும், பின்னர் டில்லியில் பொம்மைக் காட்சிசாலையும் கண்டார். 1989-ல் மறைந்தார்.

தோழர்களே, எங்கள் குடும்பம் குடியேறிய அந்தமான் பெரார்கஞ்சிலும் நோட்டுப் புத்தக ஓரத்தில் வாத்தியாரை வரையும் தம்பி ஒருவன் இருப்பான். அவன் காதைத் திருகுமுன் சங்கரை நினைப்போமாக!